அம்மா தின்ற சுவர்

நறநறவென்று ஒரு சத்தம். சோற்றில் கிடக்கிற கல் பல்லில் மாட்டினால் உடம்பெல்லாம் கூசிப்போய்த் துப்பிவிடுவோம் அல்லவா, அந்தச் சத்தம் ஒரு தடவையோடு நிற்காமல், மாடு அசைபோடுகிற மாதிரி நிதானமாக, ஒரு மத்தியானம் முழுக்க உங்கள் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என் அம்மா அஞ்சலை, இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மாட்டுக்கொட்டகை ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து மண் தின்ற சத்தம் அது. அறுபது தாண்டி, பாதிப் பல் போன பிறகும், இதைச் சொல்லும்போது மிச்சமிருக்கிற பல் கூசுகிறது.

எனக்கு அப்போது எட்டு வயது. மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட மூன்று ஏக்கர், ஒரு பசு, இரண்டு ஆடு, அப்பா, அம்மா, புருஷனை இழந்து எங்களோடு வந்து இருந்த அப்பாவின் அக்கா, அப்புறம் நான். எனக்குப் பிறகு எட்டு வருஷம் ஒன்றும் நிற்காமல் இருந்து திடீரென்று நின்ற பிள்ளை என்பதால், வீடு முழுக்க அதற்கான ஏற்பாடுதான். ஏற்பாடு என்றால் இந்தக் காலத்து மாதிரி தொட்டிலும் பொம்மையும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அத்தை ஊரிலிருக்கிற கிழிந்த வேட்டியையெல்லாம் கேட்டு வாங்கி வந்து, யார் யார் வியர்வையோ ஊறிய அந்தத் துணிகளைச் சோறு வடிக்கிற அடுப்பிலேயே அண்டாவை வைத்து வேக வைத்தாள். ஆமணக்கு முத்தை வறுத்து இடித்து எண்ணெய் காய்ச்சினாள். அந்த வாடை என் தலைமுடியில் ஏறி, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள். எண்ணெய் பதம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கரண்டி எடுத்து என் வாயில் ஊற்றினாள் அத்தை. பதம் சரிதான். சாயங்காலம் வரைக்கும் நான் மல்லாட்டைக் கொல்லையை விட்டு வீட்டுக்கு வரவே இல்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அந்த மண்தான்.

முதல் சாரல் அடித்த அன்றைக்கு அம்மா என்னைக் கூப்பிட்டு, கையில் ஒரு கொட்டாங்குச்சியைக் கொடுத்து, ரகசியமாகச் சொன்னது: "கொட்டாய் பின்னால போயி செவுத்த சொரண்டிக்கினு வா. கீழ சொரண்டாத, உப்புக் கரிக்கும். மேல, கூரைக்குக் கீழ, நனைஞ்சும் நனையாம இருக்கும் பாரு, அத எடு."

அந்தச் சுவரின் லட்சணத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதில்தான் ஆடு முதுகைத் தேய்க்கும். அதன் காலடியில்தான் பசு மூத்திரம் தேங்கும். மேலே பல்லி முட்டை, நடுவில் குளவி கட்டிய கூடு, கீழே அத்தை வெற்றிலை போட்டுத் துப்பிய சிவப்பு. இந்தத் திவ்விய சுவரிலிருந்து நான் சுரண்டிக் கொண்டுபோகிற மண்ணை அம்மா உள்ளங்கையில் கொட்டி, முதலில் மோந்து பார்க்கும். மோந்ததும் கண் பாதி மூடிக்கொள்ளும். அப்புறம் ஒரு கட்டியை எடுத்து நாக்கில் வைக்கும். அப்புறம் அந்த நறநற. உதட்டோரம் சேறு மாதிரி வழிவதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "உனுக்கு ஒண்ணு வேணுமாடீ?" என்று வேறு கேட்கும். அந்தக் கையால் பிசைந்து கொடுத்த கேப்பைக்களி எனக்கு இறங்கவில்லை. ராத்திரியில் அம்மாவைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தவள், வாயிலிருந்து வருகிற மண்வாடை தாளாமல், அத்தையின் பக்கமாகப் போய்ப் படுத்துக்கொண்டேன். அத்தையிடம் புகையிலை வாடை. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு நிம்மதி இல்லை.

ஒரு நாள் மாட்டேன் என்று கொட்டாங்குச்சியை வீசி எறிந்தேன். அம்மா என் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டது.

"நீதான் எடுத்தாந்து குடுக்கணும். ஆனா நான் மண்ணு துன்றத யாருகிட்டயாவது சொன்ன, உங்கம்மா செத்துடுவா. என் தலமேல சத்தியம்."

சத்தியத்தை அம்மாவே எனக்காகச் செய்து முடித்துவிட்டது. தப்ப வழி இல்லாமல் குனிந்து கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டேன்.

மண்ணோடு போயிருந்தால் பரவாயில்லை. மாசத்துக்கு இரண்டு தடவை சைக்கிளில் வருகிற நர்ஸம்மா, நெடுநெடுவென்று உயரமாய், கையில் கடிகாரம் கட்டிய மனுஷி, அம்மாவுக்கு இரத்தம் ஊறச் சிவப்பு மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். அம்மா அதை இரண்டு நாள் ஒழுங்காக முழுங்கியது. மூன்றாம் நாள் விடியலில் காட்டுப்பக்கம் ஒதுங்கிப் போனது, பேயறைந்த மாதிரி திரும்பி வந்து, அத்தையை முருங்கைமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனது. நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"கறுப்பா போவுது அண்ணி. கரி மாரி. உள்ள புள்ள கருகிப் போச்சா?"

அத்தை தாடையில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். வைத்தியம் படித்தவள் கெட்டாள், அப்படி ஒரு யோசனை. "கருகல. கறுத்துக்கினு கீது. மாத்திரையில இருக்கிற சாயம் புள்ள மேல எறங்கி மிச்சம்தான் வெளிய வருது. இன்னும் நாலு முழுங்குன, கரிக்கட்டையா பெத்துப் போடுவ. கொண்டா இங்க."

அன்றிலிருந்து மாத்திரை பசுவுக்கு. கழுநீர்த் தொட்டியில் தவிட்டோடு போட்டால் அது நாக்கால் வழித்துக் குடித்துவிடும். அதுவும் சினைதான். பசு நாளுக்கு நாள் மினுமினுத்தது. அம்மா நாளுக்கு நாள் வெளுத்தது. மாத்திரைச் சாயம் இறங்காததால்தான் இந்த நிறம் என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள்.

எட்டாவது மாசம் வந்த நர்ஸம்மா பொட்டலம் கொடுத்ததோடு நிற்கவில்லை. அம்மாவின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். முகம் மாறிப்போனது.

"இன்னாம்மா இது, காயிதம் மாரி கீற. மாத்திரைய முழுங்குறியா இல்லியா?"

"முழுங்குறேங்க நர்ஸம்மா. ஒரு நாள் தப்பாம."

"சோறு துன்றியா?"

"நல்லா துன்றேங்க."

"அப்புறம் ரத்தம் எங்கதான் போவுது? இதே மாரி இருந்தா வூட்ல புள்ள பொறக்கும்போது ஒரு சொம்பு ரத்தம் போனாக்கூட நீ தாங்க மாட்ட. செத்துப் போயிடுவ. புரியுதா?"

நான் தூணைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். சொன்னால் அம்மா செத்துப்போகும் என்று அம்மா சொல்லியிருக்கிறது. இப்படியே போனால் அம்மா செத்துப்போகும் என்று நர்ஸம்மா சொல்கிறார். எட்டு வயசுப் பிள்ளைக்கு இது என்ன பேஜாரு, சொல்லுங்கள்.

நல்ல புத்தி வந்து நான் முடிவெடுத்தேன் என்று சொல்லி உங்களிடம் நல்ல பேர் வாங்க ஆசைதான். நடந்தது அது இல்லை. நர்ஸம்மா பையை மூடி எழுந்த நேரத்தில் அம்மா ஓடிப்போய் வாசலோரம் குனிந்து வாந்தி எடுத்தது. காலையில் தின்ற மண் சேறாக வந்தது. சேற்றோடு வெள்ளையாக, ஒரு சாண் நீளத்துக்கு, ஒரு புழு வந்தது. வந்தது சும்மா கிடந்ததா? நெளிந்தது. அத்தை "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அடுப்புச் சாம்பலை அள்ளி அதன் மேல் கொட்டினாள். சாம்பலும் நெளிந்தது.

அவ்வளவுதான். எனக்கு அம்மா உயிரும் தெரியவில்லை, சத்தியமும் தெரியவில்லை. நான் சுரண்டிக் கொடுத்த மண்ணில் அது இருந்தது, இந்தக் கையில் அது இருந்தது என்ற ஒரே நினைப்பில் உடம்பெல்லாம் அரித்தது. கையைப் பாவாடையில் தேய் தேய் என்று தேய்த்தேன். நர்ஸம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ பொண்ணு, உங்கம்மா இன்னா துன்னுச்சு?"

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதானே சத்தியம்? காட்டக்கூடாது என்று அம்மா சொல்லவே இல்லையே. நர்ஸம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தி, விரலை நீட்டினேன். சுவரில் பரங்கிக்காய் அளவுக்குப் பள்ளம். பள்ளத்தில் கொட்டாங்குச்சி. அப்புறம் கழுநீர்த் தொட்டிக்கு இழுத்துப் போனேன். கொழகொழவென்று புளித்துப்போன அந்தத் தண்ணீரில் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவி, பாதி கரைந்த இரண்டு சிவப்பு மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியம் சத்தியமாகவே இருந்தது.

நர்ஸம்மா பசுவைத் திரும்பிப் பார்த்தார். "அதான் இவ இந்த மினுக்கு மினுக்குறாளா" என்றார். அப்புறம் வீடு அதிர ஒரு சத்தம் போட்டார். அப்பா கொல்லையிலிருந்து மண்வெட்டியோடு ஓடிவந்தார். "ஜல்தி கெளப்புங்க, அடுத்த பஸ்ஸ உடக்கூடாது" என்று அம்மாவைக் கட்டிய சேலையோடு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். பஸ் ஏறுகிற இடத்தில் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னது: "ஊமக் குசும்பி."

புழுவுக்கு மருந்து, இரத்தத்துக்கு ஊசி, முழுங்கும் வரைக்கும் எதிரில் நின்று கொடுத்த மாத்திரை. ஒரு மாசம் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பிரசவத்தில் நர்ஸம்மா பயந்த மாதிரியே இரத்தம் நிறையப் போனதாம். முன்னாடியே உடம்பைத் தேற்றி வைத்ததால் பிழைத்தது என்று அப்பா அத்தையிடம் சொல்லி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தம்பி பிறந்தான். அப்பா நிறம், நல்ல கறுப்பு. அத்தை என்னைப் பார்த்தாள், "பாத்தியா, ஒரு மாசம் மாத்திரை முழுங்குனதுக்கே இப்படி" என்று. அதே வாரத்தில் எங்கள் பசு கன்று போட்டது. நாலு மாசம் மாத்திரை தின்ற பசு. கன்று பால் மாதிரி வெள்ளை. நான் இதற்கும் வாயைத் திறக்கவில்லை. அத்தையின் புடவைத் தலைப்பைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போய் விரலை நீட்டினேன். முதுகில் ஒன்று வாங்கினேன்.

அம்மா என்னோடு சரியாகப் பேச ஆறு மாசம் ஆனது. பிற்காலத்தில் தம்பி தலையெடுத்து அந்தக் கொட்டகையை இடித்துச் சிமெண்டு வீடு கட்டினபோது, இடித்துப்போட்ட சுவரிலிருந்து ஒரு கட்டியைக் கையில் எடுத்து அம்மா மோந்து பார்த்ததை நான் பார்த்தேன். கிழவி. பேரன் பேத்தி எடுத்த கிழவி. நான் பார்ப்பதைப் பார்த்ததும், "இன்னாடி, யாருகிட்ட காட்டப் போற?" என்று கேட்டுவிட்டுக் கட்டியைக் கீழே போட்டது.

இப்போது நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். மகள் புவனாவுக்கு இரண்டாவது பிள்ளை, ஏழு மாசம். இங்கே கிழிந்த வேட்டியும் இல்லை, விளக்கெண்ணெயும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பை இப்போதே தயாராகக் கதவோரம் நிற்கிறது. மூத்த பிள்ளையை மனசளவில் எப்படித் தயார்ப்படுத்துவது என்று போன் வீடியோவில் ஒரு பெண் பேசுகிறாள். அதைக் கேட்டு, மூத்தவள் யாழினிக்குக் குளிப்பாட்டிப் பழக ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கும் வழவழ டைல்ஸ். சுரண்டுவதற்கு ஒரு சுவர் கிடையாது. ஆனாலும் போன வாரம் டாக்டரம்மா இரத்தம் ஏறவே இல்லை என்று சொல்லி அனுப்பினார். புவனாவும், "முழுங்கிக்கினுதான் கீறேன்மா" என்று என்னிடம் சத்தியம் பண்ணினாள்.

நேற்று யாழினி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "ஆயா, நான் எதுவும் சொல்ல மாட்டேன். அம்மாகிட்ட பிராமிஸ் பண்ணிக்கீறேன். நீயே வந்து பாரு." கட்டிலண்டை கூட்டிப்போய்த் தலையணையைத் தூக்கிக் காட்டினாள். அவள் பள்ளிக்கூடப் பையில் இருக்கவேண்டிய சிலேட்டுப் பல்பம் டப்பா. பாதி காலி. மெத்தையெல்லாம் வெள்ளைத் தூள். "ச்சீ, என் பல்பத்த துன்னுது ஆயா. நறநறன்னு" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

நான் கத்தினேன், திட்டினேன், "எச்சக்கல" என்றேன், அடுத்த பஸ்ஸைப் பிடிக்காத குறையாக ஆட்டோ பிடித்துப் புவனாவை டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். புவனா என்னைப் பார்த்த பார்வையில், அம்மா என்னோடு பேசாத அந்த ஆறு மாசம் தெரிந்தது. பார்க்கட்டும்.

டப்பாவைப் பிடுங்கி என் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் லேசாகச் சாரல் அடித்தது. மண் இல்லாத ஊரில் மண்வாடை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. சுருக்குப்பையைத் திறந்து பார்த்தேன். நான் ஒன்றும் கடிக்கவில்லை என்று உங்களிடம் சொல்கிறேன். நாக்கை நீட்டிக் காட்டச் சொல்லாதீர்கள்.