நாற்பத்தொன்பது கிலோவும் நான் போட்ட முட்டையும்

குதிரையை நான் பக்கத்தில் பார்த்ததெல்லாம் கல்யாண ஊர்வலத்தில்தான். அதுவும் பேண்டு சத்தத்துக்கு மிரண்டு, மாப்பிள்ளையை எப்போது இறக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் குதிரை. இருந்தும் அந்தப் பெரியவர் என் கடைப் படியேறி, பட்டில் ஒரு குதிரைப் பந்தயத்தின் சரித்திரத்தை நெய்து தர முடியுமா, உங்களுக்குக் குதிரையைப் பற்றித் தெரியுமா என்று கேட்டபோது, "தெரியாம இன்னாங்க, ரத்தத்துலயே ஓடுது" என்று சொல்லிவிட்டேன். என் ரத்தத்தில் ஓடுவது சர்க்கரை மட்டும்தான். அதற்கும் மாத்திரை சாப்பிடுகிறேன்.

பெரியவர் சென்னையில் ஜாக்கியாக இருந்து, ஓய்வு பெற்று ஆரணிக்கு வந்து தங்கியவர். நான் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறவன். இருபத்தைந்து வருஷமாக மயில், யானை, அன்னம். கூடுதல் தைரியம் வந்தால் ஒரு மாங்காய். இப்போதுதான் முதல்முறையாகக் குதிரை.

அவர் கேட்டது சுவரில் மாட்டுகிற ஒரு பட்டுத் துணி. வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் நெடுந்தூரப் பந்தயம் அது. தடை தாண்டுகிற வேலை இல்லை, சமதரையில் ஓட்டம் மட்டும். வருஷத்துக்கு ஒரு வரி: ஜெயித்த குதிரை, அதை ஓட்டியவர், தூரம், எடை. அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரி இவருடையது. அந்தப் பந்தயத்தை வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் ஜெயித்திருக்கிறார். மற்ற ஜாக்கிகளிடம் போட்டோ இருக்கிறதாம். இவருடையது வெள்ளத்தில் போய்விட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய ஜாக்கிகள் எல்லோரும் சென்னையில் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். அங்கே இதை மாட்ட வேண்டும்.

"மத்ததுல ஒண்ணு ரெண்டு தப்பா இருந்தாக்கூட பரவால்ல தம்பி. என் வரி சரியா வந்துட்டா போதும்."

ஒரு மணி நேரம் சரித்திரம் சொன்னார். ஆரம்பத்தில் பட்டாளத்து அதிகாரிகள் தங்கள் சொந்தக் குதிரையிலேயே ஓடினார்களாம். மைதானத்தை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். பிறகு தூரத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். அவ்வளவு மூச்சுள்ள குதிரையை யாரும் வளர்ப்பதில்லை என்று இன்னும் குறைத்தார்கள். ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் குதிரைகளுக்குக் காய்ச்சல், பந்தயமே இல்லை. "எடை எப்படிப் போடுவாங்கன்னா" என்று அவர் ஆரம்பித்த நேரம் பார்த்து எனக்குப் போன் வந்தது. யாரோ ஒரு கடைக்காரர், முந்தானையில் மயிலுக்குக் கழுத்து நீளம் போதவில்லை என்று அழுதார். மயிலின் கழுத்தைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பினால், பெரியவர் எடையை முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். புரிந்ததா என்று கேட்டார். தலையாட்டினேன். என் பேஜார் எல்லாம் அந்தத் தலையாட்டலில் தொடங்கியது.

இரவல் அறிவோடு, அவர் கொடுத்துவிட்டுப் போன பட்டியலைப் பிரித்தேன். எடை என்ற இடத்தில் ஐம்பத்தொன்று, ஐம்பத்தாறு, ஐம்பத்து மூன்று. பெரியவரின் சொந்த வரியில் நாற்பத்தொன்பது. சிரித்துவிட்டேன். நாற்பத்தொன்பது கிலோவில் குதிரையா? சந்தவாசல் பக்கம் கன்றுக்குட்டியே அதைவிட அதிகம் இருக்கும். வயசானவர், எண்ணுக்குக் கடைசியில் வர வேண்டிய முட்டையை விட்டுவிட்டார் என்று தீர்மானித்தேன். நெட்டில் தேடினேன். பந்தயக் குதிரை ஐந்நூறு கிலோ வரும் என்று அதுவும் என் பக்கம் பேசியது. எடை எண் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து, தறிக்கு டிசைன் சொல்லும் துளை அட்டை அடிக்கக் கொடுத்தேன்.

சேவூரில் நெய்கிற அக்காதான் முதலில் தடுத்தார். ஜக்கார்டு தறியில் அவர் கை பட்டால் ஜரிகை சொன்ன பேச்சைக் கேட்கும். பெரியவரின் பட்டியலையும் என் டிசைனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த முட்டையெல்லாம் அவர் போடலியே, நீங்களா போட்டீங்களா?" என்றார்.

"அது குதிரையோட எடை, அக்கா. நாப்பத்தொம்பது கிலோல குதிரை இருக்குமா?"

"அது ஆளு எடை மாதிரி கீதே. நானே நாப்பத்தொம்பதுதான்."

"நீங்க ஓடலியேக்கா."

அக்கா தறிப் பக்கம் திரும்பி நாடாவைத் தள்ளினார். நான் பெரிய ஜோக் அடித்துவிட்ட திருப்தியில் வண்டியை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை துணி முடிந்தது. பெரியவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு சேவூர் போனேன். தறியிலிருந்து அறுத்த துணியை அக்கா பாயில் விரித்தார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மற்ற வரிகளை விட்டுவிட்டு நேராகத் தன் வரிக்குப் போனார்.

"தம்பி, இது இன்னா?"

"எடைங்க."

"யாரோட எடை?"

"குதிரையோடதுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கல்யாணக் குதிரையே மண்டபத்தை விட்டு ஓடியிருக்கும்.

"குதிரைய எவன்யா தராசுல நிக்க வெச்சான்? இது நான்."

அப்புறம்தான் நான் போனில் தவறவிட்ட பாடத்தை நடத்தினார். பந்தயத்துக்கு முன்னால் ஒரு அதிகாரி உட்கார்ந்து, நன்றாக ஓடும் குதிரைக்கு அதிகச் சுமை, சுமாராக ஓடும் குதிரைக்குக் குறைந்த சுமை என்று எழுதுவார். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தச் சுமைதான் ஜாக்கியும் சேணமும் சேர்ந்த எடை. குறைந்தால் ஈயத்தகடு வைப்பார்கள். கூடினால் ஜாக்கிதான் இளைக்க வேண்டும். இவருக்குக் கிடைத்தது யாரும் மதிக்காத குதிரை. அதற்கு எழுதியது நாற்பத்தொன்பது. இவர் அப்போது அதைவிட நாலு கிலோ கூடுதல். ஒரு வாரம் சோறு இல்லை, கடைசி நாள் தண்ணீரும் இல்லை, வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டம்.

"குதிரை ஓடிச்சி, ஜெயிச்சிது. இந்த நம்பர் மட்டுந்தான் தம்பி நான் பண்ணது. அதுல போயி முட்டை போட்டு வெச்சிருக்கீங்க."

என் வாய் மட்டும் பழக்க தோஷத்தில், கம்ப்யூட்டர் கோளாறு, கரண்ட் கோளாறு என்று உளறியது. மறுபடி நெய்ய நாள் இல்லை. ஓடிப்போய் போளூர் ரயிலைப் பிடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். அக்கா துணியைப் புரட்டி, பின்பக்கத்தைக் காட்டினார். எண்கள் எல்லாம் அடித்துணிக்கு மேலே தனியாக ஓடிய ஜரிகை. பின்னால் வெட்டி ஊசியால் இழுத்தால் வரும். அடித்துணி அப்படியே நிற்கும்.

"உக்காருங்க" என்று என்னிடம் ஒரு ஊசியை நீட்டினார். "ஓடத்தான் இல்ல, உக்காரவாவது செய்யலாமே."

சாயங்காலம் வரை முட்டை பிடுங்கினேன். என் கண்ணாடி மூக்கிலிருந்து நாலு தடவை விழுந்தது. ஒவ்வொரு முட்டைக்கும் என்னை நானே ஒரு வசவு திட்டிக்கொண்டேன். பாதியில் வசவு தீர்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். பெரியவரின் வரியை மட்டும் அக்கா என்னைத் தொட விடவில்லை, தன் கையாலேயே எடுத்தார். அப்படியும் நாற்பத்தொன்பதுக்கும் கிலோவுக்கும் நடுவே ஒரு முட்டை அளவுக்கு வெறும் பட்டு தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பெரியவர் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

"இருக்கட்டும். அன்னிக்கி வயிறு இப்டித்தான் இருந்திச்சி."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபத்திலிருந்து போன் செய்தார். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். அவர் ஜெயித்ததற்கு அடுத்த வருஷ வரியில் ஒரு முட்டையை நான் விட்டிருக்கிறேன். அவர் குதிரையைத் தோற்கடித்த ஆள் ஐந்நூற்று முப்பது கிலோவில் சவாரி செய்திருக்கிறார். அந்த ஆள் இப்போது துணிக்கு முன்னால் நின்று, அதை நெய்தவன் யார் என்று கத்திக்கொண்டிருக்கிறாராம்.

 உடனே பஸ் ஏறி ஊசியோடு வந்துவிடுகிறேன் என்றேன்.

"வேணாம் தம்பி" என்றார். "அந்த முட்டைய வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன். வேணுன்னுதான் சொல்லல."