ஒரு கோல்கீப்பர் கேட்டுத் திருச்சிக்கு

வெள்ளிக்கிழமை, விடியற்காலை. எழும்பூரில் ஏறிய ரயில் சுமார் முந்நூற்று முப்பது கிலோமீட்டர் ஓடி திருச்சி ஜங்ஷனில் என்னை இறக்கிவிட்டபோது, பிளாட்பாரம் முழுக்க ஸ்ரீரங்கம் போகிறவர்கள். மார்கழி மாதம். கையில் துளசி மாலையும் தலையில் குரங்குக் குல்லாவுமாக எல்லோரும் வடக்கே போக, நான் மட்டும் கிழக்கே, கைலாசபுரத்துக்குப் போக வேண்டும். என் பையில் ஒரு ஒப்பந்தம் இருந்தது. அதில் கையெழுத்துப் போட ஒரு கோல்கீப்பர் வேண்டும். எங்கள் முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

நான் சென்னையில் ஒரு பெண்கள் ஹாக்கி அணியின் மேனேஜர். ஆறு அணிகள் ஆடும் லீக் எங்களுடையது. போன வருஷம் எங்கள் கோலைக் காத்தவள் நிலுஃபர், பக்கத்து நாட்டுக்காரி. இந்த வருஷம் இரண்டு அரசாங்கங்களுக்கும் சண்டை முற்றி, அந்த நாட்டு ஆட்டக்காரர்கள் யாருக்கும் விசா இல்லை என்று ஆகிவிட்டது. எங்களுக்கு மட்டுமில்லை, நான்கு அணிகளில் ஆள் குறைந்தது.

அதே சமயத்தில் வளைகுடாவில் ஒரு போட்டி லீக் முளைத்தது. நிலுஃபரும் அவள் தோழிகளும் நேராக அங்கே போய்விட்டார்கள். எங்கள் லீகை நடத்தும் சங்கம் உடனே ஒரு உத்தரவு போட்டது: அங்கே ஆடுகிற இந்தியப் பெண்களுக்கு இங்கேயும் இடமில்லை, இந்திய அணியின் பயிற்சி முகாமிலும் இடமில்லை. அவர்களால் இங்கே வர முடியாது, நம் பெண்களால் அங்கே போக முடியாது. எங்களிடம் மைதானமும் டிவியும் கூட்டமும் இருந்தன, ஆட்டக்காரர்கள் போதவில்லை. அவர்களிடம் நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், ஆனால் ஒரு இந்தியப் பெண்கூட இல்லாத லீகை இங்கே எந்த டிவியும் வாங்கவில்லை. இரண்டு கடையிலும் பாதிச் சரக்கு.

துவாக்குடி பஸ் பிடித்தேன். திருவெறும்பூர் மலைக்கோயில் இடதுபக்கம் பனியில் பாதிதான் தெரிந்தது. ஜங்ஷனிலிருந்து கைலாசபுரம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். பெரிய தொழிற்சாலையின் குடியிருப்பு. நேர்நேரான சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், ஷிப்டுக்குப் போகிற சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும். பஸ் ஸ்டாப்பில் இறங்கி விசாரித்ததும், "கோல்கீப்பர் பொண்ணுங்களா? கிரவுண்டுக்குப் போங்க, இந்நேரம் அங்கதான் இருக்கும்" என்றார் ஒருவர்.

நான் தேடி வந்த ஜெனிட்டா மைதானத்தில்தான் இருந்தாள். வயது இருபத்தேழு. கால்களில் முழங்காலுக்கு மேல் ஏறிய பேட், தலையில் ஹெல்மெட். அணியில் கூட ஆடும் பெண்கள் மாறிமாறி அடிக்க, பந்துகளை உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு பந்து வலது மூலைக்குத் தாழ்வாகப் போனது. அது உள்ளே போய்விட்டது என்றே நினைத்தேன். அவள் முழு உடம்பையும் நீட்டி விழுந்து கால் நுனியால் வெளியே தள்ளினாள். எழுந்து, விழுந்த இடத்தைக் காலால் சமப்படுத்திவிட்டு, "இன்னொண்ணு" என்றாள்.

வீட்டில் அவள் அப்பா அருள்ராஜ் நைட் ஷிப்டு முடிந்து வந்திருந்தார். காபி வந்தது. ஜெனிட்டா ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நடுவில் ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"இது என்னங்க மேடம்? ரெண்டு வருஷத்துக்கு வேற எந்த லீக்லயும் ஆடக்கூடாதுன்னு போட்டிருக்கு."

"எல்லாருக்கும் அப்படித்தான் போடறோம். சங்கத்தோட உத்தரவு."

"நான் வளைகுடா லீக்ல ஆடறேன்னு வாக்கு கொடுத்திருக்கேன். போன சீசன்ல மேட்ச் பாக்க வந்தப்ப நிலுஃபர் பழக்கம், அவதான் அங்க ஒரு டீம்ல சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தா. உங்க லீக் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுத்தான் அங்க ஆரம்பிக்குது. ரெண்டுலயும் ஆட முடியும்."

அருள்ராஜ் குறுக்கிட்டார். "மேடம் இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. நம்ம நாட்டு லீக். முகாமுக்கு இந்த வருஷம்தான் உன்னை முதல்முதலா கூப்பிட்டிருக்காங்க. அதைக் கெடுத்துக்கணுமா?"

"அப்பா, போன ஏலத்துல நானும் இருந்தேன். ஒரு டீமும் கேக்கல. இப்ப நிலுஃபருக்கு விசா கிடைக்கலைன்னு என்னைக் கேக்கறாங்க. அடுத்த வருஷம் ரெண்டு கவர்ன்மெண்ட்டும் கை குலுக்கிட்டா அவளுக்கு விசா வந்துரும். அப்ப நான் எங்க போறது?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "தப்பா நினைக்காதீங்க மேடம். ரெண்டு விஷயம் கேக்கறேன். யாருக்கு விசா வந்தாலும் வராட்டியும் எனக்கு ரெண்டு வருஷம் இடம் வேணும். அந்தப் பிரிவை எடுத்துடணும். செஞ்சீங்கன்னா இன்னிக்கே உங்களோட ரயில் ஏறறேன்."

முதலாவதை அங்கேயே ஒப்புக்கொண்டேன். இரண்டாவது என் கையில் இல்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப அது யார் கையில இருக்கோ அவங்களைக் கேட்டுட்டு வாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிற்பகல். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வழியாக ஸ்ரீரங்கம். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. ஆற்றில் பாதி அகலத்துக்குத் தண்ணீர், மீதி மணல். என்னோடு தமிழ்நாடு அணியில் ஆடிய வைதேகி உத்திர வீதியில் இருக்கிறாள். வெளியூரிலிருந்து சேவிக்க வருகிறவர்களுக்கு வீட்டில் நாலு அறைகளை வாடகைக்கு விடுகிறாள். பல வருஷங்களுக்கு முன் நம் நாட்டிலேயே ஒரு போட்டி லீக் தொடங்கி ஒரே பருவத்தில் மூடிக்கொண்டது. அதில் ஆடியதற்காகத் தடை வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி. அவள் சொன்னால் ஜெனிட்டா கேட்பாள் என்பது என் கணக்கு.

"வாடி சுமதி. ரூம் எல்லாம் நிரம்பிடுத்து, கூடத்துலதான் படுக்கணும். மொதல்ல பெருமாளைச் சேவிச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்."

வரிசையில் நின்று சேவித்துவிட்டு வந்தேன். புளியோதரை வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணை பயமுறுத்தத்தானே என்னைக் கூப்பிடறே?" என்றாள்.

"உனக்கு நடந்ததைச் சொன்னாப் போதும்."

"சங்கத்துக்காரா எனக்கு ரெண்டு வருஷம் தடை போட்டா. அதுக்குள்ள முட்டி போயிடுத்து. திரும்ப இறங்கவே இல்லை. இதைச் சொன்னா அவ பயந்துடுவா, உனக்குக் காரியம் ஆயிடும். நான் சொல்ல மாட்டேன்." தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினாள். "நாங்க எங்க தோத்தோம்னு வேணா உனக்குச் சொல்றேன். அத்தனை பேரும் தனித்தனியா கையெழுத்துப் போட்டோம். தடை வந்ததும் தனித்தனியா போய் மன்னிப்பு எழுதிக் கொடுத்தோம். எல்லாரும் சேர்ந்து நின்னிருந்தா, அவா யாரை வச்சு மேட்ச் நடத்தியிருப்பா? உன் டீம் ஒண்ணுக்குத்தான் ஆள் இல்லையா?"

அந்தக் கேள்வியோடு நான் எழுந்து அம்மா மண்டபம் படித்துறைக்கு நடந்தேன். படிகளில் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு ஓரமாக உட்கார்ந்து மற்ற அணிகளின் மேனேஜர்களை ஒவ்வொருவராகப் போனில் பிடித்தேன். எல்லோருக்கும் ஒரே விஷயம்தான்: அந்தப் பிரிவை நாம் சேர்ந்து அடித்துவிட்டால், சங்கம் நம்மைத் தடுக்க லீகையே நிறுத்த வேண்டியிருக்கும்.

ஒருவர் பாதியிலேயே வைத்துவிட்டார். இன்னொருவர், "நீங்க முதல்ல செய்யுங்க, பாக்கறோம்" என்றார். மதுரைக்காரரான ஒரு மேனேஜர், "எங்ககிட்ட டிஃபென்ஸ்ல ரெண்டு இடம் காலியா கிடக்கு. வெளிநாட்டுக்காரங்க வரல, நம்ம புள்ளைங்க இந்தப் பிரிவைப் பாத்துட்டு கையெழுத்துப் போட மாட்டேங்குதுங்க. சரி, நானும் அடிச்சிடறேன்" என்றார். அவர் பெயரைச் சொன்னதும் இன்னும் இருவர் வந்தார்கள். எங்களோடு சேர்த்து நான்கு அணிகள். அதற்குள் எதிர்க்கரையில் விளக்கு போட்டுவிட்டார்கள்.

கடைசியாக எங்கள் அணியின் முதலாளி.

"நாளைக்குப் பிரச்சினைன்னு வந்தா?" என்றார்.

"சார், கோல்கீப்பர் இல்லாம ஆடினா பிரச்சினை முதல் மேட்ச்லயே வந்துடும். நாலு டீம் சேர்ந்து நிக்கறோம். கையெழுத்து என்னோடது. கேள்வி வந்தா நான் பதில் சொல்றேன்."

"உங்க வேலையே போகலாம் சுமதி."

"போனா போகட்டும் சார்."

"அந்தப் பொண்ணு நல்லா ஆடுமா?" என்றார். நான் அந்த வலது மூலைப் பந்தைப் பற்றிச் சொன்னேன். "அடிச்சிடுங்க" என்று சொல்லி வைத்தார்.

சனிக்கிழமை காலை. இரவே போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்; ஜெனிட்டா அப்பாவை ஸ்கூட்டரில் பின்னால் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டாள். வைதேகியின் கூடத்தில் நான் அந்தப் பிரிவைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"முகாம்லேர்ந்து என் பேரை எடுத்துடுவாங்கல்ல மேடம்?"

"எடுக்கலாம். அதை என்னால தடுக்க முடியாது."

அவள் அப்பாவைப் பார்த்தாள். "இந்தியா டிரெஸ்ல உன்னைப் பாக்கணும்னுதான் எனக்கு ஆசை" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். "ஆடப்போறது நீ. போடும்மா."

போட்டாள். போட்டு முடித்ததும் போனை எடுத்து நிலுஃபருக்கு இந்தியில் ஏதோ பேசி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. இரண்டு தடவை கேட்டுவிட்டு எங்களுக்குச் சொன்னாள்: "சந்தோஷம்ங்கறா. முதல் மேட்ச்ல நம்மளோட ஆடற டீம்ல பெனால்டி கார்னர் அடிக்கற பொண்ணு கடைசி நொடியில மணிக்கட்டைத் திருப்பி இடது பக்கம் அடிப்பாளாம். தோளைப் பாத்து ஏமாறாதேங்கறா." வைதேகி சிரித்துவிட்டாள். விசா கிடைக்காதவளின் ஆட்டம் இப்படியாவது எல்லை தாண்டி வந்துவிட்டது.

பகல் ரயிலில் நாங்கள் இருவரும் கிளம்பினோம். கொள்ளிடம் பாலத்தில் ரயில் தடதடத்தபோது ஜெனிட்டா மேல் பெர்த்தில் பேட் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சென்னையில் நாங்கள் ஒவ்வொரு அணியும் தனித்தனி அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்தவன் ஆளை எப்படிப் பறிப்பது என்றே யோசித்துவந்தோம். சேர்ந்து ஒரு காரியம் செய்யலாம் என்று தோன்ற எனக்கு ஸ்ரீரங்கம் வரை போக வேண்டியிருந்தது.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கோப்பை வெல்லவில்லை, அரையிறுதியில் தோற்றோம். ஜெனிட்டாவை யாரும் குறை சொல்லவில்லை. நான்கு அணிகளுக்கும் சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. நான்கும் ஒரே பதிலை அனுப்பினோம். லீக் நிற்கவில்லை, என் வேலையும் போகவில்லை. முகாம் பட்டியலில் மட்டும் ஜெனிட்டாவின் பெயர் இல்லை. அதை எதிர்த்து அவள் மனுக் கொடுத்திருக்கிறாள்.

வளைகுடாவின் போட்டி லீக் தொடங்குவதற்கு முன் அவள் திருச்சி விமான நிலையத்திலிருந்தே கிளம்பினாள். உள்ளே போனபிறகு போன் செய்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு கொத்தனார், ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு நர்ஸ். என்ன வேலைக்குப் போறீங்க என்று பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?"

"ஹாக்கி கோல்கீப்பர்னு சொன்னேன் மேடம். அவர் நிமிர்ந்து பாத்தாரு. 'நம்ம ஊருக்கு எப்ப திரும்பி வருவீங்க'ன்னாரு. 'அடுத்த சீசன் இங்கயும் ஒப்பந்தம் இருக்கு சார்'ன்னேன். முத்திரை குத்திட்டாரு."