வாய்க்கரிசி

மஸ்ஜித் தானா ஊர்ச் சாலைத் தடுப்பில் பஸ் நிற்கிறது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, எஸ்டேட்டுக்குள் ஒரு மணி அரிசி கொண்டுபோகவும் தடை. என் பக்கத்தில் இருக்கும் பெண்ணின் முந்தானை முடிச்சை மலாய்ப் போலீஸ்காரர் அவிழ்க்கச் சொல்கிறார். உள்ளே ஒரு பிடி பச்சரிசி.

"யாருக்கும்மா இது?" என்கிறேன்.

"எங்கப்பாவுக்கு அண்ணே. காலைல எறந்துட்டாரு. வாய்க்கரிசி போடணும்."

மலாயில் எடுத்துச் சொல்கிறேன். எஸ்டேட்டில்தான் வெந்த சோறு கொடுக்கிறார்களே, அதைப் போடட்டும் என்கிறார் அவர்.

"சோறு உசுரோட இருக்கறவங்களுக்கு லா. இது மண்ணுக்குள்ள போற அரிசி. நம்பலன்னா என்கூட வந்து பாக்கச் சொல்லுங்க."

அதையும் மலாயில் சொல்கிறேன். அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டு இறங்கி, எஸ்டேட் சாலையில் நடக்கிறாள். போலீஸ்காரர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போகிறார். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.