பன்னிரண்டாவது முடிச்சு

ஏரிக்கரைத் தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவளைத் 'தட்டுக்காரி' என்று கேட்டால்தான் வழிகாட்டுவார்கள். ஞாயிறு காலையானால் கொழுந்தனின் படகில் ஏறி, நடு ஏரியில் மிதக்கும் சிவப்புப் பீப்பாய் அருகே ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவாள். முழத்துக்கு ஒரு முடிச்சு. எந்த முடிச்சில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ, தண்ணீர் அத்தனை முழம் தெளிவு.

எட்டு வருடத்துக்கு முன், முதல் தடவை இரண்டாவது முடிச்சிலேயே தட்டைக் காணோம். ஏரியில் மிதந்த நுரையில் பாதி தன் கடையிலிருந்து போனது என்று தெரிந்ததும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முதலில் தன் வாய்க்காலை அடைத்தாள். பிறகு வீடு வீடாக ஏறி இறங்கித் தெருவையே அடைக்கவைத்தாள். கழிவுநீர் தெருக்கோடித் தொட்டிக்குத் திரும்பியது. தொட்டியைக் கழுவ வாரம் ஒரு வீடு முறை.

அந்த முறைதான் இப்போது வினை. "முதுகு ஒடிஞ்சதுதான் மிச்சம். ஏரி அப்படியேதான் கெடக்கு" என்று தெருச் சங்கத் தலைவர் பழைய வாய்க்காலைத் திறக்கச் சொல்கிறார். நாளைக்குக் கூட்டம். அவள் நோட்டில் குறித்துவைத்திருக்கும் ஏழு முடிச்சு, எட்டு முடிச்சுக் கணக்கை அவர் நம்புவதாயில்லை.

மூட்டுவலியில் மூன்று வாரம் விட்டுப்போய், இன்றுதான் தட்டை இறக்கினாள். ஒன்பது, பத்து... தட்டு பளிச்சென்று தெரிந்தது. பன்னிரண்டில் கயிறு தொய்ந்தது.

"தம்பி, கரையோரமா நிறுத்திட்டீங்களா?"

"பீப்பாய் உங்க மூக்குக்கு முன்னாடி நிக்குது அண்ணி!"

எட்டிப் பார்த்தாள். தரை! சேற்றில் சிப்பிகள் ஊர்ந்த கோடுகள். மீன் கூட்டத்தின் நிழல் கூடத் தரையில் தனியாக ஓடியது. இத்தனை வருடம் இதன் மேல்தானா மிதந்துகொண்டிருந்தோம்? அவளுக்கு அழுகை வந்தது.

"தூக்கலாமா அண்ணி?"

"ஐயோ, தொடாதீங்க, கலங்கிடும்!"

கயிற்றைப் பீப்பாயிலேயே கட்டிவிட்டு நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனாள். சட்டை மாற்றக்கூட விடாமல் அவரைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

அவர் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"தட்டு ஒண்ணுதானே விட்டேன்னு சொன்னே? பக்கத்துல இன்னொண்ணு கெடக்கே, மேல சிப்பி உக்காந்திருக்கு?"

மூன்றாம் வருடம் முடிச்சு அவிழ்ந்து தொலைந்துபோன தட்டு.

"அதுவும் என்னோடதுதாங்க" என்றாள்.