காதக்கா எழுதாத வரி

காதக்கா என்பது வாசகிகள் அவளுக்கு வைத்த பெயர். மகளுக்குப் பிறவியிலேயே காது மந்தம். காதுக் கருவியை எப்படித் துடைப்பது, பிள்ளை அதைப் பிடுங்கி எறிந்தால் என்ன செய்வது என்று, தான் பட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் ஒரு இணையதளத்தில் எழுதிவந்தாள். அவளைப் போன்ற அம்மாக்கள் தேடி வந்து படித்தார்கள்.

தளத்தை அமைத்துக் கொடுத்தவன் தம்பி. கம்பெனிகளின் தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவது அவன் தொழில். அதற்கு மற்ற தளங்கள் அவற்றுக்கு லிங்க் கொடுக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு வைத்த லிங்க் என்று தெரிந்தால் தேடுபொறி ஒதுக்கிவிடும்.

"பேச்சோட பேச்சா வரணும்க்கா. ஒட்டுப் போட்ட மாதிரி தெரியக் கூடாது" என்பான்.

மெத்தை, மின்விசிறி என்று அவனுக்காக அவளும் சில கட்டுரைகள் எழுதித் தந்திருக்கிறாள். தன் தளத்தில் மட்டும் அந்த வேலை வேண்டாம் என்றாள். அவனும் தலையாட்டினான். பராமரிப்புக்காக பாஸ்வேர்டு அவனிடமே இருந்தது.

ஒருநாள் பேச்சுப் பயிற்சி மையத்தில் பக்கத்து நாற்காலிப் பெண் அவளை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மடியிலிருந்த பையனின் காதுகளில் கருவி இல்லை. ஏன் என்று கேட்டாள் காதக்கா.

"நீங்க எழுதின சொட்டு மருந்தைத்தாங்க விடுறோம். மெஷினைக் கழட்டியே ரொம்ப நாளாச்சு. இன்னும் கேக்க ஆரம்பிக்கல. எவ்வளவு நாள் ஆகும்?"

காதக்கா போனில் அவள் சொன்ன பழைய பதிவைத் திறந்தாள். 'கருவியோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோன நாட்களில் இந்தச் சொட்டு மருந்துதான் கைகொடுத்தது' என்று ஒரு வரி. நடுவில் லிங்க். மல்லுக்கட்டுவது அவள் சொல்; ஓய்ந்துபோவதும் அவள் சொல். நான்தான் எழுதினேனோ என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது.

அது தான் எழுதியதில்லை, அந்த மருந்தை உடனே நிறுத்துங்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். அவள் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, பையனைத் தூக்கிக்கொண்டு டாக்டரின் அறைப் பக்கம் போனாள்.

கேட்டபோது தம்பி மறுக்கவில்லை. மருந்துக் கம்பெனி பெரிய வாடிக்கையாளர், தட்ட முடியவில்லை என்றான். பிறகு சமாதானமாக, "யாருக்குமே தெரியலக்கா. அவ்வளவு இயல்பா வந்திருக்கு" என்றான்.

"எனக்கே தெரியலடா. என் வாயை வச்சே பேசியிருக்க."

பாஸ்வேர்டை மாற்றினாள். அந்த வரியை நீக்கி, நடந்ததை ஒளிக்காமல் தளத்தின் முகப்பில் எழுதினாள். சிலர் நன்றி சொன்னார்கள்; பலர் சொல்லாமல் விலகினார்கள். பையனுக்குக் கருவியை மீண்டும் மாட்டிவிட்டார்கள். அதற்குள் அவன் பழகியிருந்த சொற்கள் சில நழுவிப்போயிருந்தன. அவன் அம்மா இப்போது தூரத்து நாற்காலியில் உட்காருகிறாள்.

தம்பி, காதக்காவோடு இருக்கும் தன் அம்மாவைப் பார்க்க வீட்டுக்கு வருவதுண்டு. காதக்கா தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அம்மாவின் உடம்பைப் பற்றி அவன் கேட்டால் பதில் சொல்வாள். வேறு பேச்சை எடுத்தால், எழுந்து மகளிடம் போய்விடுவாள். எழுதுவதை அவள் நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு பதிவையும் திறந்து, இது என் வரிதானா என்று பார்த்த பிறகே புதிதாக எழுத உட்காருகிறாள்.