சுரத்தின் அடியில் இன்னொன்று

சித்தப்பா எந்த சுவிட்சைத் தொட்டாலும் அவருடைய இடது கை கால்சட்டைப் பைக்குள் போய்விடும். சமையலறை விளக்கானாலும் சரி, பக்கத்து வீட்டு அழைப்புமணியானாலும் சரி. பை இல்லாத உடையில் இருந்தால் கை முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அவருடைய அண்ணன் மகள் இதைப் பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே கவனித்து வந்தாள். இரண்டு கையிலும் மின்சாரம் பட்டால் அது நெஞ்சு வழியாகப் பாயும், ஒரு கை என்றால் பிழைக்க வழியுண்டு என்பதுதான் காரணம். அவர் அதைச் சொன்னதில்லை. பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் ஒரு புத்தகத்தில் படித்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. குடும்பத்திலேயே முதல்முதலாகக் கல்லூரிக்குப் போய்த் தேடிப் படித்த விஷயம் இத்தனை வருஷமாக வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்ததே என்று அன்று அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்று லிஃப்டுகள் அவருடைய பொறுப்பு. வேலையிடத்தில் அவருக்கு 'ஒத்தக்கை' என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவர்கள் கையில்லாத ஒருவரை எதிர்பார்த்து வந்து, இரண்டு கையோடும் நிற்கிறவரைப் பார்த்து முழிப்பார்கள். ஆனால் அவருக்குச் சோறு போட்டது கையல்ல, காது. மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாரென்றால், எந்தக் கப்பியில் மசகு வற்றியிருக்கிறது, எந்த மாடியில் கதவு உரசுகிறது என்று சொல்லிவிடுவார். லிஃப்டுகள் ஓடத் தகுதியானவை என்று திங்கட்கிழமைதோறும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் நூறு குடும்பங்கள் பன்னிரண்டு மாடி ஆழத்துக்கு மேல் கம்பியில் தொங்கியபடி வீட்டுக்குப் போய்வந்தன.

எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று அவரிடம் வந்ததும் லிஃப்ட் வழியாகத்தான். ஒன்பதாம் மாடியில் குடியிருந்த ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போன அன்று, லிஃப்டுக்குள் மூலையில் சாய்த்து வைத்தபடி அதை விட்டுவிட்டுப் போய்விட்டார். மறந்துவிட்டாரா, வேண்டாம் என்று வைத்தாரா தெரியாது. ஒரு வருஷம் காவலாளி அறையில் கிடந்தது. கேட்டு யாரும் வராததால் காவலாளி அதை அவர் தலையில் கட்டிவிட்டார். போனவன் மூட்டைமுடிச்செல்லாம் எடுத்துக்கொண்டு இதை மட்டும் ஏன் விட்டுப் போனான் என்று ஒருத்தராவது யோசித்தீர்களா என்று சித்தி கேட்டாள். சித்தப்பா யோசிக்கவில்லை. அதன் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க ஒரு ஆம்ப் செய்ய உட்கார்ந்துவிட்டார்.

பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற கண்ணாடி வால்வு மூன்று, ஐந்து வாட், ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி. வீட்டுக்குள் வாசிக்க அது போதும். வாசிப்பதென்றால் அவருக்கு ஒரு பாட்டில் முக்கால் பாட்டுத் தெரியும். மீதிக் காலைக் கடைசிவரை அவர் கற்றுக்கொள்ளவில்லை. நான்கு மாதத்தில் ஆம்ப் பாடத் தொடங்கியது. அதற்கு அடுத்த வாரம்தான் அவர் முதல்முதலாக அந்தப் பேச்சை எடுத்தார்.

கம்பியை ஓங்கி மீட்டினால் சுரத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கிறது. சுரத்தை விடத் தாழ்ந்தது, கரகரத்தது. சுரத்தோடு ஒட்டவும் ஒட்டாது, அதை விட்டுப் போகவும் போகாது. மேலே இருப்பவர் பேசும்போது கீழே ஒருவர் வாயைத் துணியால் மூடிக்கொண்டு அதையே தப்பாகச் சொல்வதுபோல இருக்கிறது. அவர் வால்வுகளை மாற்றிப் பார்த்தார். பென்சிலால் ஒவ்வொரு வால்வையும் தட்டிப் பார்த்தார். ஸ்பீக்கரை மாற்றினார். சால்டர் செய்த இடங்களையெல்லாம் உருக்கி மறுபடி செய்தார். சத்தம் போகவில்லை. சித்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கச் சொன்னார். தனக்குக் கேட்பதெல்லாம் அவர் கொடுக்கிற இம்சை ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் மகள் வந்தபோது, அவர் பெட்டியின் பக்கவாட்டில் கன்னத்தை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"மெஷின்ல கோளாறுன்னா சரி பண்ணிடலாம் பாப்பா. எனக்குள்ள கோளாறுன்னா அந்த ரெஜிஸ்டர்ல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? ரெண்டு வாரமாப் போடல. நாளைக்கு விட்டு அடுத்த திங்கட்கிழமைக்கு மேல மேனேஜர் விடமாட்டார்."

பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, இன்னொன்றும் சொன்னார்.

"போன வாரம் மேல மோட்டார் ரூம்லயும் கேட்டுச்சு. லிஃப்ட் நின்ன பிறகு."

அவளுக்கு உடனே ஒருவர் நினைவு வந்தது. சித்தப்பாவின் அப்பா, அவளுக்குத் தாத்தா, கடைசிக் காலத்தில் யாரும் கூப்பிடாமலே "இதோ வரேன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தவர். பதில் சொன்னதோடு நிற்காமல் எழுந்தும் போவார். அவரைக் கதவு கதவாகத் தேடி அழைத்து வந்திருக்கிறார்கள். அது தொடங்கியது அவருடைய ஐம்பத்தாறாவது வயதில். சித்தப்பாவுக்கு இப்போது ஐம்பத்தைந்து முடிந்திருந்தது.

மறுநாள் அவள் ஆம்பைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கம்பெனியின் சோதனை மேசையில் வைத்தாள். சீரான ஒரு சிறிய அலையை உள்ளே விட்டாள். அலையைக் காட்டும் கருவியின் திரையில் அதே அலை, பெரிதாகி, வழுவழுவென்று வெளியே வந்தது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சித்தப்பா வீட்டுக்குத் திரும்பி, கிட்டாரைச் செருகி, தன் விரலால் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். சுரம் மட்டும்தான் கேட்டது. சித்தப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஆமாம், எனக்கும் கேட்கிறது என்றாள்.

அவர் சந்தோஷப்படவில்லை. அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். தான் வாசிக்கும்போது அடியில் அந்தச் சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். கம்பி அதிர்ந்தது. அவள் விரலைத் தூக்கினாள். மறுபடி அதிர்ந்தது. மறுபடி தூக்கினாள். ஐந்தாறு முறை ஆனபிறகு திரும்பச் சொன்னார். ஆம்பின் வால்வுகள் இருண்டு கிடந்தன. கிட்டாரின் வயர் அலமாரியில் இருந்த பழைய டேப் ரிக்கார்டருக்குள் போயிருந்தது. இவ்வளவு நேரம் பாடியது அதுதான்.

"பொய் சொல்ற டெஸ்டர வெச்சிட்டு நான் என்னம்மா பண்றது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கருவி ஒன்றைக் கீழே வைப்பது போலச் சொன்னார். படித்துத் தெரிந்துகொண்டது இதுதானா, பெரியவர்களைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவைக்கும் பேச்சா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்று இருவரும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கேட்டால் கேட்கிறது, இல்லையென்றால் இல்லை. யாருடைய மனசுக்காகவும் மாற்றிச் சொல்லக் கூடாது. அவளுக்கு மட்டுமல்ல, அவருக்கும் அதே சட்டம்தான்.

சத்தியமாகச் சொல்வதென்று ஆனபிறகுதான் அவளுக்கு உருப்படியாக யோசிக்கத் தோன்றியது. மேசையில் அவள் விட்டது சிறிய அலை. கம்பியை அவள் தொட்டதும் பயந்து பயந்துதான். சித்தப்பாவோ லிஃப்ட் கதவை இழுக்கிற கையால் மீட்டுகிறவர். நீங்களே அடியுங்கள் என்று சொல்லிவிட்டு, பெட்டியில் அவள் கன்னத்தை வைத்தாள். அவர் ஓங்கி அடித்தார்.

கேட்டது. மரத்துக்குள்ளிருந்து, கன்னத்து எலும்பு வழியாக, யாரோ முனகினார்கள். அவள் சட்டென்று தலையை எடுத்துக்கொண்டாள். பிறகு வெட்கப்பட்டு, கைப்பேசியைப் பெட்டிமேல் வைத்து ஒலியைப் படமாகக் காட்டும் செயலியைத் திறந்தாள். சுரம் ஒரு மேடாக எழுந்தது. அதற்கு இடப்பக்கம், தாழ்வாக, இன்னொரு சின்ன மேடு. அவர் விரலை அடுத்த கட்டைக்கு நகர்த்தினார், சின்னதும் நகர்ந்தது. எங்கே போனாலும் அது பெரியதற்குச் சரியாக நொடிக்கு நூறு அதிர்வு தள்ளியே நின்றது.

"கரண்ட் செகண்டுக்கு அம்பது தடவ ஆடுது சித்தப்பா. வால்வுக்குக் குடுக்க நேராக்கும்போது நூறாயிடுது. அந்த நூற உறிஞ்ச வேண்டிய கண்டென்சர் உறிஞ்சல. நீங்க ஓங்கி அடிக்கும்போது அது சுரத்தோட கலந்து இன்னொண்ணாப் பொறக்குது."

அந்தக் கண்டென்சரை மட்டும் அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. கழற்றிப்போட்ட பழைய லிஃப்டின் பேனலிலிருந்து அவரே எடுத்து வைத்தது அது. பதினைந்து வருஷம் டப்பாவில் கிடந்து உள்ளே வற்றிப்போயிருந்தது. கடையில் வாங்கியதையெல்லாம் நான்கு முறை சோதித்தவர், இதை ஒருமுறைகூடத் தொடவில்லை. அது லிஃப்டில் இருந்ததாயிற்றே என்றார், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்பதுபோல. சித்தி சமையலறையிலிருந்து, கட்டினவளைச் சந்தேகப்படுவாராம், கண்டென்சரைச் சந்தேகப்பட மாட்டாராம் என்றாள். அன்று முதல்முறையாக அவர் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு அவள் புதுக் கண்டென்சர் வாங்கி வந்தாள். அவர் மின்சாரத்தைத் துண்டித்து, இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, உள்ளே தங்கியிருக்கும் மின்சாரமெல்லாம் வடியட்டும் என்று காத்திருந்தார். மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே மாற்றினார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. அவளையே அடிக்கச் சொல்லிவிட்டுத் தான் கன்னத்தை வைத்தார். அவள் விரல் வலிக்க ஓங்கி அடித்தாள். திரையில் ஒரே மேடு. இடப்பக்கம் வழித்துவிட்டது போல இருந்தது. அவளுக்கு ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததுபோல மூச்சு வாங்கியது.

அவள் கம்பியை உள்ளங்கையால் அமுக்கினாள். அறை ஓய்ந்தது. சித்தப்பா தலையை எடுக்கவில்லை.

"இப்பக் கேக்குதா சித்தப்பா?"

அவர் கன்னத்தை மரத்தில் இன்னும் அழுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓய்ந்த பெட்டியில் அவ்வளவு நேரம் கேட்க எதுவும் இல்லை. பிறகு எழுந்தார், இடது கை பைக்குள் போயிற்று, வலது கையால் சுவிட்சை அணைத்தார்.

"நாளைக்குச் சொல்றேன். மேல போய்க் கேட்டுட்டுச் சொல்றேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆம்பில் கேட்டதற்குக் கண்டென்சர் காரணம். மோட்டார் அறையில், லிஃப்ட் நின்ற பிறகு கேட்டதற்கு?

திங்கட்கிழமை அவர் மோட்டார் அறைக்கு ஏறிப் போனார். அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்து, பதிவேட்டைக் கையெழுத்தில்லாமல் மூடியபடியே மேனேஜரிடம் கொடுத்து, முட்டி வலி தாங்கவில்லை, இனிப் படியேற முடியாது என்று சொல்லி உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட வேறு ஆள் வந்தார். புது ஆள் மூன்று லிஃப்டையும் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்.

அதன்பிறகு சித்தப்பா இரண்டு வருஷம் இருந்தார். தாத்தாவைப் போல யாருக்கும் பதில் சொல்லிக்கொண்டு எழுந்து போகவில்லை. நல்ல நினைவோடுதான் இருந்தார், நெஞ்சு வலி வந்த அன்றுவரை. அன்று மோட்டார் அறையில் அந்தச் சத்தம் கேட்டதா என்று இடையில் அவள் இரண்டு முறை கேட்டாள். ஒருமுறை அவளுடைய வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். இன்னொருமுறை அவளுடைய முகத்தை நேராகப் பார்த்தார், வாயைத் திறந்தார், அதற்குள் சித்தி காப்பியோடு வந்துவிட்டாள். ஒப்பந்தப்படி அவளிடம் அவர் பொய் சொல்லவில்லை. உண்மையையும் தரவில்லை.

ஆம்ப் இப்போது அவள் அறையில் இருக்கிறது. கிட்டாரைச் செருகி ஓங்கி அடிப்பாள், கம்பியை அமுக்குவாள், மரத்தில் கன்னத்தை வைப்பாள். ஒன்றும் கேட்பதில்லை. பிறகு எழுந்து, இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு அணைப்பாள். நாளைக்குச் சொல்வதாக அவர் வைத்துவிட்டுப் போன அந்த ஒரு வார்த்தை மட்டும் அவளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.