புளி தட்டும் கேலரி

எனக்கு மைதானம் வரைய வரும். இதைத் தன்னடக்கத்தோடு சொல்ல முயன்று பல முறை தோற்றிருக்கிறேன். பாப்பாரப்பட்டி பக்கத்தில் ஓர் ஊரில், ஒரே திடலில் கபடியும் வாலிபாலும் திருவிழா மேடையும் அடங்கும்படி ஒரு விளையாட்டரங்கம் கேட்டார்கள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், நாலு மணி வெயில் எங்கே விழும் என்பதைத் திடலை ஒருமுறை சுற்றி வந்தே சொல்லிவிட்டேன். பார்வையாளர் கேலரியை மேற்கே வைத்தேன். சாயங்கால வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

வேலை தொடங்கும் முன்பே பள்ளிக்கூடத்தின் பி.டி. டீச்சர் என்னைத் தேடி வந்தார்.

“சார், பொண்ணுங்க கபடி டீம் ஒண்ணு வெச்சிருக்கறேன். அம்மாங்க வந்து ஒக்காந்து பார்த்தாத்தான் சாயங்காலம் ஆட வுடுவாங்க. அவங்க எந்திரிச்சா புள்ளைங்களும் கெளம்பிடும். அவங்களுக்கு நல்லா எடம் பண்ணிக் குடுங்க.”

இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? கேலரி முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் பொருத்தினேன். சிவப்பு, மஞ்சள், நீலம். திறந்த அன்று பெண் வீட்டுக்காரன் மாதிரி வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்றேன்.

அம்மாக்கள் வந்தார்கள். நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார்கள். வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஆட்டம் பாதியில் இருக்கும்போதே மகள்களைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஆட வந்ததே நாலு பேர்தான். டீச்சர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டீம் கேப்டனின் அம்மாவை வழியில் நிறுத்திக் கேட்டேவிட்டேன். “ஏங்க, சேர் நல்லா இல்லீங்களா?”

“சேருக்கு என்னங்க சார் கொறச்சல்? அதுல ஒக்காந்து புளி தட்ட முடியுங்களா?”

அது புளிக்காலம். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கூலிக்குத் தட்டக் கூடையில் புளி வந்து இறங்கும். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஓடு நீக்கிய பழத்தைக் கல்மேல் வைத்து, சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். அன்றன்றைக்குக் கூடை காலியாக வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க அவர்களில் ஒருவருக்கும் நேரம் கிடையாது. நான் நல்லம்பள்ளிக்காரன். புளி தட்டிய கையால் சோறு வாங்கித் தின்று வளர்ந்தவன். வெயிலைப் பார்த்த எனக்கு இது தெரியாமல் போயிற்று. வெட்கமாக இருந்தது.

வெட்கம் ஒரு நாளைக்குத்தான். மறுநாளே கீழ்வரிசை நாற்காலிகளைக் கழற்றச் சொன்னேன். இரண்டிரண்டு படிகளை ஒன்றாக்கி, கால் நீட்டும் அகலம் கொடுத்தேன். ஆளுக்கொரு கருங்கல்லைப் படியிலேயே பதித்தேன். “கலர் நல்லாத்தானே இருந்துச்சு” என்று ஊர்க் கமிட்டிக்காரர் ஒருவர் இழுத்தார். “மேல் வரிசை உங்களுக்குத்தாங்க” என்று அவரை ஏற்றிவிட்டேன்.

வேலை முடிந்த அன்று மாலை கேலரியெங்கும் சுத்திச் சத்தம். நான் ஆடுகளத்துக்கு முதுகு காட்டி வடிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் சட்டென்று நின்றது. திரும்பினால், கேப்டன் பெண் ரெய்டு போயிருந்தாள். இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, பிடிக்க வந்த கைகளை உதறி, நடுக்கோட்டில் வந்து விழுந்தாள். எல்லாச் சுத்திகளும் ஒருசேர வெறுங்கல்லில் இறங்கின. நான் கட்டிய எந்த அரங்கத்திலும் அப்படியொரு கைதட்டலைக் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பொழுது சாய்ந்ததும் அந்தப் பெண் வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

“அதுக்குள்ள என்ன வூடு? எனக்கு இன்னும் அரைக் கூடை இருக்குது. போயி ஆடு.”